வித்தியாசமான நண்பருக்காக எத்தனை காலம் மன்னிப்புக் கேட்பது?

ஜூன் 2 (ஒரு வாசகரின் கேள்வி)

என் நண்பர் ஒருவர். நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுவார், யாரிடமும் சொல்ல மாட்டார். வழியில் பார்த்து வணக்கம் சொன்னால் சில நாள் பதில் வரும், சில நாள் யாரோ போல் கடந்து போவார். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் நிஜமாகவே யோசித்துப் பதில் சொல்வார், கேட்டவர் அதற்குள் நகர்ந்திருப்பார். எனக்குப் பழகிவிட்டது. மற்றவர்கள் திமிர் என்கிறார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய் "தப்பா எடுத்துக்காதீங்க, அவர் அப்படித்தான், ஆனா மனசு தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை எத்தனை காலம் செய்வது? அவரிடம் பேசித் திருத்துவதா, அப்படியே விட்டுவிடுவதா?

ஜூன் 2, இரவு

மன்னிப்புக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் போய்ச் சமாதானம் சொல்லும்வரை பாதிப் பேர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். ஒருவர் எழுந்து போனார், அவ்வளவுதான். நீங்கள் வந்து "தப்பா எடுத்துக்காதீங்க" என்ற பிறகுதான், ஓகோ, இதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறதா என்று யோசிக்கவே ஆரம்பிப்பார்கள்.

எனக்கும் இப்படி ஒருவன் உண்டு, கல்லூரிக் காலத்திலிருந்து. போனில் ஹலோ கிடையாது. நான் எடுத்ததும், "அந்த ரெண்டாவது காரணம் சரியில்ல" என்பான். எந்த இரண்டாவது காரணம்? எப்போதோ ஒரு பேச்சில் நான் சொன்னது. அவன் மண்டைக்குள் அந்தப் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, நான்தான் நடுவில் காணாமல் போய்விட்டேன். விஷயம் முடிந்ததும் போன் கட் ஆகும். "சரி, வைக்கட்டுமா" எல்லாம் கிடையாது. ஆரம்பத்தில் சிக்னல் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பக் கூப்பிடுவேன். "இன்னும் ஏதாவது இருக்கா?" என்பான். குரலில் எரிச்சல் இருக்காது. இருக்கிறதா என்றுதான் கேட்கிறான்.

வீட்டுக்கு வந்தால் சோபாவில் உட்கார மாட்டான். ஒரு நாற்காலியை எடுத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தாற்போல் போட்டுக்கொள்வான். எதிரே வெளிச்சமும் அசைவும் இருந்தால் பேச்சு காதில் ஏறாது என்பான். என் அம்மாவுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. "நம்ம மூஞ்சியப் பார்க்கப் பிடிக்காம சுவத்தப் பார்த்து உட்கார்றானா?" இப்போது அவன் வருகிறான் என்றால் அம்மாவே நாற்காலியைத் திருப்பிப் போட்டுவைக்கிறார். நடுவில் யாரும் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்ன கதையைக் கேட்டான், அடுத்த தடவை வந்தபோது விட்ட இடத்திலிருந்து கேள்வி கேட்டான். அதோடு முடிந்தது.

திருத்துவதா விடுவதா என்று இரண்டே வழி வைத்திருக்கிறீர்கள். நாற்காலியைத் திருப்பிப் போடுவது என்று ஒன்றும் இருக்கிறது.

ஜூன் 3

நாற்காலி பற்றி எழுதியதும் ஹென்றி கேவண்டிஷ் ஞாபகம் வந்தது. 1766-ல் ஹைட்ரஜனைத் தனியொரு வாயுவாக விவரித்தவர், 1798-ல் பூமியின் அடர்த்தியை அளந்தவர். மனிதர்களிடம் பேசுவது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. வீட்டில் வேலை செய்த பெண்களிடம் நேரில் பேச மாட்டார், வேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்துவிடுவார். ஒருமுறை படியில் பணிப்பெண் ஒருவர் எதிரே வந்துவிட, இனி அப்படி நேராமலிருக்கப் பின்பக்கம் தனியாக ஒரு படிக்கட்டே கட்டவைத்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அப்படிப்பட்ட மனிதர், ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்காரர்கள் கூடிச் சாப்பிடும் வாராந்தர விருந்துக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார். அங்கே இருந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கேவண்டிஷிடம் ஏதாவது பேச வேண்டுமா, அவரைப் பார்க்காதே. பக்கத்தில் போய் நின்று, வெறும் வெளியைப் பார்த்துப் பேசுவதுபோல் விஷயத்தைச் சொல். விஷயம் அவருக்குப் பிடித்திருந்தால் பதில் வந்தாலும் வரும். வொல்லாஸ்டன் என்ற வேதியியலாளர் சொன்ன யோசனை இது. பெரிய பெரிய விஞ்ஞானிகள் ஓரமாக நின்று காற்றிடம் வாயுக்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். எனக்கு அதில் கேவண்டிஷைவிட மற்றவர்களைத்தான் பிடிக்கிறது.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

டிராக்கை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர். விடவில்லை, கைவசம் வைத்திருந்தேன். பால் டிராக், 1933-ல் நோபல் பெற்ற இயற்பியலாளர். கேம்பிரிட்ஜில் உடனிருந்தவர்கள் பேச்சை அளக்க ஓர் அலகே உண்டாக்கினார்கள்: மணிக்கு ஒரு சொல் பேசினால் அது ஒரு 'டிராக்'. அவருடைய சொற்பொழிவு ஒன்று முடிந்ததும் ஒருவர் எழுந்து "பலகையில் இருக்கும் அந்தச் சமன்பாடு எனக்குப் புரியவில்லை" என்றாராம். டிராக் பேசாமல் நின்றார். பதில் சொல்லும்படி கூட்டத்தை நடத்தியவர் கேட்டுக்கொண்டதும், "அது கேள்வி இல்லையே, கருத்துதானே" என்றார் என்று ஒரு கதை.

இதை என் நண்பனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தால், "சரியாத்தானே சொல்லியிருக்கார்" என்றான்.

ஜூன் 5

கேள்வியை மறுபடி படித்தேன். "சில நாள் பதில் வரும், சில நாள் யாரோ போல் கடந்து போவார்." அந்த 'சில நாள்' உறுத்துகிறது. திமிர் பிடித்தவர் தினமும் ஒரே மாதிரித்தான் இருப்பார், அல்லது ஆளைப் பார்த்து மாறுவார். நாளைப் பொறுத்து மாறினால் வேறு ஏதோ இருக்கலாம்.

முகங்களை அடையாளம் காண முடியாதவர்கள் இருக்கிறார்கள். கண் நன்றாகத் தெரியும், மூக்கு வாய் எல்லாம் தெரியும், ஆனால் அது யார் என்பது மட்டும் பிடிபடாது. போடமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1947-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் முகமறியாமை என்று சொல்லலாம். தலையில் அடிபட்டு வருவது ஒரு வகை. பிறந்ததிலிருந்தே இருப்பது இன்னொரு வகை, நூற்றில் இரண்டு பேருக்கு ஏதோ ஓர் அளவில் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் தனக்கு இது இருந்ததைத் தானே எழுதியிருக்கிறார். பிரம்மாண்டமான முகங்களாகவே வரைந்து புகழ்பெற்ற ஓவியர் சக் குளோஸுக்கும் இருந்தது.

இவர்கள் நடை, குரல், முடிவெட்டு, கண்ணாடி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடம் இவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு எதிர்பாராத இடத்தில் எதிரே வந்தால், தொலைந்தீர்கள். உங்கள் நண்பர் கடந்து போன நாள்களை யோசித்துப் பாருங்கள். வழக்கமில்லாத இடமா? நீங்கள் வாய் திறந்தீர்களா, வெறுமனே சிரித்தீர்களா? அடுத்த முறை பெயரைச் சொல்லிக்கொண்டு வணக்கம் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஜூன் 5, பிறகு

முகமறியாமை என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. வெறும் மறதியாகவும் இருக்கலாம், வேறு யோசனையாகவும் இருக்கலாம். குரல் கொடுத்துப் பாருங்கள் என்றேன், அவ்வளவே.

ஜூன் 8

"எப்படி இருக்கீங்க" விஷயத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு சிக்கல் கலந்திருக்கிறது.

ஒன்று, கேள்வி கேள்வியே இல்லை என்பது. மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923-லேயே இதை எழுதிவிட்டார்: மனிதர்கள் பேசுவதில் ஒரு பகுதி தகவலுக்காக அல்ல, நானும் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய் என்று தொட்டுக்கொள்வதற்காக. நமக்கெல்லாம் அது சொல்லித்தராமலே வந்துவிடுகிறது. என் நண்பனுக்கு வரவில்லை. "பதில் வேண்டாம்னா எதுக்குக் கேக்கறாங்க?" என்று ஒருமுறை கேட்டான். விளக்கினேன். "அப்ப வெறுமனே 'ஓய்'னு கூப்பிட்டாப் போதுமே" என்றான். போதும்தான். நாங்கள் இப்போது அதைத்தான் செய்கிறோம், இரண்டு நடுவயது ஆள்கள், நாலு பேருக்கு நடுவில்.

இரண்டாவது சிக்கல் நேரம். பல கண்டங்களைச் சேர்ந்த 10 மொழிகளில் மக்கள் பேசுவதைப் பதிவு செய்து 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் இன்னொருவர் பதில் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லா மொழியிலும் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். கேள்வி முடிவதற்குள்ளேயே நாம் பதிலைத் தயார் செய்கிறோம் என்றுதானே அர்த்தம். என் நண்பன் கேள்வி முடிந்த பிறகு யோசிக்க ஆரம்பிக்கிறான். மூன்று, நாலு நொடி போகும். எழுத்தில் பார்த்தால் அற்பம், நேரில் உட்கார்ந்து பாருங்கள், யுகம் மாதிரி இருக்கும். எதிரே இருப்பவர் அதற்குள் "இல்ல, நான் என்ன கேட்டேன்னா" என்று மறுபடி ஆரம்பிப்பார். அவன் மறுபடி முதலிலிருந்து யோசிப்பான். நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார், இன்னொருவர் யோசித்துக்கொண்டே இருப்பார், கடைசியில் இவர் "பதிலே சொல்ல மாட்டேங்கறான்" என்று போவார், அவன் "விடவே மாட்டேங்கறார்" என்பான். இரண்டும் உண்மை.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். உபாயம் இவ்வளவுதான், இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜூன் 9

ஒருவர் சுருக்கென்று எழுதியிருக்கிறார்: "கேவண்டிஷ், டிராக் என்று மேதைகளாக அடுக்குகிறீர்கள். என் தம்பியும் இப்படித்தான். அவன் எதையும் கண்டுபிடிக்கவில்லை. சாதாரண வேலை, சாதாரண ஆள். அவனுக்காக யார் காற்றைப் பார்த்துப் பேசப் போகிறார்கள்?"

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துவிட்டேன். நாளை.

ஜூன் 11

தம்பியைப் பற்றி எழுதியவர் சொன்னதுதான் இங்கே இதுவரை வந்ததிலேயே முக்கியமானது.

வித்தியாசமான ஒருவரை நாம் ஏற்றுக்கொள்ள இரண்டு கட்டணங்கள் வைத்திருக்கிறோம். ஒன்று மேதையாக இருக்க வேண்டும். இல்லையா, தங்கமான மனசுக்காரராக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக் கட்டினால் உள்ளே விடுவோம். எழுந்து போகிறாரா, பரவாயில்லை, கணக்கில் புலி. முகம் கொடுத்துப் பேச மாட்டாரா, பரவாயில்லை, ஆபத்தில் முதல் ஆளாக வந்து நிற்பார். இரண்டும் இல்லாத ஒருவர் எழுந்து போனால்? திமிர்.

எழுந்து போகும்போது விடைபெற்றுக்கொண்டு போகிற ஆள்களிடம் நாம் இந்தக் கட்டணத்தைக் கேட்பதில்லையே. அவர்கள் சுமாரான அறிவோடும் சுமாரான மனசோடும் நிம்மதியாக இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

கேள்வி கேட்டவரே, நீங்கள் சொல்லும் சமாதானத்தில் "மனசு தங்கம்" என்று ஒரு வால் இருக்கிறது பாருங்கள், எனக்கு உறுத்துவது அதுதான். உங்கள் நண்பர் சார்பில் நீங்கள் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, என் நண்பனின் மனசு. எனக்கு அறுவைசிகிச்சை நடந்து படுத்திருந்தபோது அவன் வரவில்லை. போனும் இல்லை. பிறகு கேட்டேன். "டாக்டர்தான் பார்த்துக்கிட்டார் இல்ல?" என்றான். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அடுத்த வரிக்காகக் காத்திருப்பார்கள். ஆனால் ராத்திரியெல்லாம் வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தான், ஆனால் சத்தமில்லாமல் பில்லைக் கட்டிவிட்டுப் போயிருந்தான், இப்படி ஏதாவது. இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு வருத்தம் இருந்தது. லேசாக இப்போதும் உண்டு.

அப்புறம் ஏன் நண்பன் என்றால், அவனோடு பேசப் பிடிக்கும். அவன் "நல்லாயிருக்கு" என்றால் நல்லாயிருக்கிறது என்று மட்டுமே பொருள், அதை மூன்று நாள் வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. "உன்னப் பார்க்கணும்போல இல்ல இன்னைக்கு" என்பான். மறுநாள் "இன்னைக்குப் பார்க்கலாம்" என்பான். இரண்டுக்கும் நடுவில் கதை கிடையாது. மற்ற நண்பர்களிடம் பாதி நேரம் என்ன சொன்னார்கள், ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று துப்பறிந்துகொண்டிருப்பேன். இவனிடம் அந்த வேலை மிச்சம்.

ஜூன் 12

"இதெல்லாம் சுயநலத்துக்கு வைத்த அழகான பெயர். நாலு பேரோடு இருக்கத் தெரியாதவனுக்கு வக்கீல் வேலை பார்க்கிறீர்கள்" என்று இன்னொருவர்.

அப்படிப்பட்ட ஆள்களும் உண்டு, மறுக்கவில்லை. பிரித்துப் பார்க்க நான் ஒன்று வைத்திருக்கிறேன்: அவர் செய்வதையே அவருக்குச் செய்து பாருங்கள்.

நான் செய்திருக்கிறேன். அவன் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, அவன் வாக்கியத்தின் நடுவிலேயே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வேண்டுமென்றேதான். படி இறங்கும்போது எனக்கே என்னவோ போலிருந்தது. சாயங்காலம் போன். "மிச்சத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டு, அந்த வாக்கியத்தின் பின்பாதியைச் சொன்னான். நான் ஏன் போனேன் என்ற கேள்வியே வரவில்லை. போக வேண்டியிருந்தது, போனேன். அவன் உலகத்தில் அது அப்படித்தான்.

இன்னொருவர் இருக்கிறார், நண்பர் என்று சொல்ல மாட்டேன். "நான் ஓப்பனா பேசுறவன், மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே எல்லோர் தலையிலும் குட்டுவார். ஒருநாள் அவருடைய பேச்சை யாரோ பாதியில் வெட்டிவிட, வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டு திரிந்தார். இவருக்கு விதி நன்றாகவே தெரியும். தனக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டார்.

வள்ளுவர் 'பழைமை' அதிகாரத்தில், 805-வது குறளில், நண்பர் நாம் நோகும்படி ஒன்று செய்துவிட்டால் அதை அறியாமை என்றோ, மிகுந்த உரிமையால் செய்தது என்றோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எனக்குப் பிடித்த அதிகாரம், ஆனாலும் இந்த இடத்தில் அவரோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு வழியிலும் நண்பர் செய்தது பிசகு, நான் பெரிய மனது பண்ணிப் பொறுக்கிறேன் என்றாகிறது. என் நண்பன் அறியாமல் செய்யவில்லை, உரிமை எடுத்துக்கொண்டும் செய்யவில்லை. முன்பின் தெரியாதவரிடமும் இப்படித்தான். விடைபெறுவது என்ற ஒன்று அவன் கணக்கிலேயே இல்லாததால், விடைபெறாமல் போவதும் இல்லை.

ஜூன் 14

மேலே சொன்ன சோதனையை ஒருவர் உடைத்துவிட்டார். அவருடைய அண்ணன் எல்லோரையும் திட்டுவாராம், தன்னை யார் திட்டினாலும் துளியும் பொருட்படுத்த மாட்டாராம். "உங்கள் சோதனையில் நூற்றுக்கு நூறு. ஆனால் அவரோடு ஒரு மணி நேரம் இருக்க முடியாது."

சரிதான். அப்படியானால் அந்தச் சோதனை, தனக்கொரு நியாயம் ஊருக்கொரு நியாயமா என்பதை மட்டும்தான் சொல்லும். தாங்க வேண்டுமா என்பதைச் சொல்லாது. தாங்குவதற்கு வேறு கேள்வி: யாருடைய முதுகில் ஏறுகிறது?

மன்னிக்கவும், மறுபடி ஒரு மேதை. பால் ஏர்டிஷ், கணிதக்காரர். சுமார் 1,500 கட்டுரைகள், 500-க்கும் மேற்பட்ட கூட்டாளிகள். நிரந்தர வீடு கிடையாது, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நண்பர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். கணக்குப் பேசுவார், முடிந்ததும் அடுத்த வீடு. கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் அவர் துணியைத் துவைத்தது யார், சாப்பாடு பார்த்தது யார், பண விவகாரம் பார்த்தது யார்? ரொனால்டு கிரஹாம் என்ற கணித நண்பர் அவருடைய பணத்தைக் கவனித்துக்கொண்டார், அவர் தங்குவதற்கென்றே வீட்டில் ஓர் அறை வைத்திருந்தார். கிரஹாம் மனமொப்பிச் செய்தார். எல்லா வீட்டிலும் எல்லோரும் மனமொப்பித்தான் செய்தார்களா என்பது, விருந்தாளியின் துணி யார் கைக்குப் போகும் என்று தெரிந்த எவருக்கும் வரும் சந்தேகம்.

என் நண்பன் சொல்லாமல் எழுந்து போனால் எனக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அண்ணன் திட்டினால் திட்டு வாங்கியவருக்கு நாள் போச்சு. இதற்கும் வித்தியாசம் என்று ஒரே பெயர் வைப்பதால்தான் குழப்பம். திட்டுவது திட்டுவதுதான், அதைச் செய்பவர் எவ்வளவு அப்பாவியாகச் செய்தாலும்.

ஜூன் 14, இரவு

என் நண்பன் என் முதுகில் ஏற்றுவதும் உண்டு. நாலு பேரோடு சேர்ந்து எங்கே போனாலும் அவன் எப்போது காணாமல் போவான் என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது கொஞ்சம் பூசினமாதிரி ஆகிவிடும்.

ஜூன் 17

ஆட்டிசமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேள்வி கேட்டவரின் நண்பரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஐந்து வரி. ஐந்து வரியில் நோய் கண்டுபிடிப்பது எனக்குப் பிடிக்காத பொழுதுபோக்கு. என் நண்பனைப் பற்றியும் இங்கே சொல்லப் போவதில்லை, அது அவன் சொல்ல வேண்டியது.

ஆனால் அந்தத் துறையிலிருந்து எல்லோருக்கும் உதவுகிற ஒரு யோசனை இருக்கிறது. டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், தானே ஆட்டிச நிலை உள்ளவர். 2012-ல் அவர் எழுதியது: இப்படிப்பட்டவர்களுக்கு மற்றவர்கள் மனம் புரிவதில்லை என்று மட்டும் சொல்கிறீர்களே, மற்றவர்களுக்கு இவர்கள் மனம் எங்கே புரிகிறது? புரியாமை இரண்டு பக்கமும்தான் இருக்கிறது. 2020-ல் வந்த ஓர் ஆய்வு இதை அழகாகச் சோதித்தது. காதோடு காதாகச் செய்தி கடத்தும் விளையாட்டு போல, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஆட்டிச நிலை உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசை, இரண்டும் கதையை ஒரே அளவுக்குக் காப்பாற்றின. கலந்து நின்ற வரிசையில்தான் கதை அதிகம் சிந்தியது.

பெயர் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்று. ஆட்டிசத்துக்கு நெருக்கமான ஒரு நிலைக்கு ஆஸ்பெர்கர் என்று தனியாக இருந்த பெட்டியை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே நிறமாலைக்குள் சேர்த்துவிட்டது. பெட்டிகளே இடம் மாறுகின்றன. உதவி தேவைப்படுகிறவருக்குப் பெயர் பயன்படும், சில பேருக்கு அது கிடைத்ததுமே பெரிய நிம்மதி. உங்களுக்குத் தேவை அவரோடு எப்படிப் பழகுவது என்பது. அதை அவரிடம் கேட்டாலே போதும்.

ஜூன் 18

"அவரிடமே கேட்பதா? புண்படாதா?" என்கிறார் கேள்வி கேட்டவர்.

சூசகமாகச் சொன்னால்தான் புண்படும், ஏனென்றால் சூசகம் புரியாது, எதையோ மறைக்கிறீர்கள் என்பது மட்டும் புரியும். நேராகக் கேளுங்கள். "நீங்க எழுந்து போறத சிலர் கோபம்னு நினைக்கறாங்க. நான் ஏதாவது சொல்லணுமா, வேண்டாமா?"

ஜூன் 21

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நான் இதுவரை அவனிடம் இதைக் கேட்டதே இல்லை என்று உறைத்தது. கேட்டேன், போனில். "உன்னப் பத்தி மத்தவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

நீளமாக அமைதி. போன் கட் ஆனது. சரி, போச்சு என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து, நான் வேறு எதையோ செய்துகொண்டிருக்கும்போது கூப்பிட்டான். "எழுதி வெச்சிருக்கேன், படிக்கறேன். ஒண்ணு, பதில் சொல்ல நேரமாகும். ரெண்டு, போகும்போது சொல்ல மாட்டான். மூணு, சத்தம் ஜாஸ்தியானா போயிடுவான். இத முன்கூட்டியே சொல்லிடு. நடந்ததுக்கப்புறம் சொன்னா சமாதானம் மாதிரி இருக்கும்."

நான், "சரி" என்றேன்.

"இன்னொண்ணு. கடைசில 'ஆனா நல்லவன்'னு சேர்க்காதே. நீ சேர்ப்பே."

அவனுக்கு மனிதர்களைப் படிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் இனிமேல் சிரித்துவிடுவேன்.

ஜூன் 22

முதல் நாள் இரவு மன்னிப்புக் கேட்பதை நிறுத்தச் சொன்னேன். அது நிற்கிறது. கூடவே இது: முன்கூட்டி ஒரு வரி சொல்லிவைப்பது மன்னிப்பு ஆகாது, தகவல். "என் நண்பர் வருவார், நடுவில் எழுந்து போவார்." இத்தனைதான். அதுவும் அவர் சம்மதித்த பிறகு, அவர் சொன்ன வார்த்தையில்.

சத்தம் என்று அவன் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம். சிலருக்கு மெல்லும் சத்தம், பேனாவை டக்டக்கென்று அமுக்கும் சத்தம், இதெல்லாம் உடம்பே பதறுகிற அளவுக்குத் தாங்காது. 2001-ல்தான் இதற்கு மிசோபோனியா என்று ஒரு பெயர் வந்தது. மேசையிலிருந்து திடீரென்று எழுந்து போகிறவர்களில் சிலர் உங்களிடமிருந்து போகவில்லை, பக்கத்து நாற்காலிக்காரரின் தாடையிடமிருந்து போகிறார்கள். எதற்கும் வாயை மூடி மெல்லுங்கள்.

ஜூன் 29

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். நண்பரிடம் நேராகவே கேட்டாராம். அவருக்குக் கோபமெல்லாம் வரவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்புவதற்குள் கிளம்ப வேண்டிய நேரமே தாண்டிவிடுகிறது, அதனால்தான் என்றாராம். நியாயமான காரணம், நானே சில இடங்களில் யோசித்திருக்கிறேன். இப்போது எழுந்ததும் ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறாராம், யாரைப் பார்த்து என்று யாருக்கும் தெரியவில்லை, ஆளாளுக்குத் தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னால் ஒவ்வொரு முறையும் பதில் வருகிறதாம். அது முகமறியாமையா, வேறு எதுவா என்று நான் கேட்கவில்லை, வேலை ஆகிறது.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் இன்னும் முறைப்பாகவே இருக்கிறாராம். இருக்கட்டும், விடுங்கள். முன்கூட்டிச் சொல்லியும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அது அவருடைய உரிமை. அவரைத் தேடிப்போய் மனசு தங்கம் என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.

எல்லோரும் சேர்ந்து வெளியூர் போகிறீர்கள், அவரையும் கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூப்பிடுங்கள். கூப்பிடும்போது முழுசாகச் சொல்லுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கிளம்பி எப்போது திரும்புவது, தனியாக உட்கார இடம் உண்டா, பாதியில் திரும்ப வேண்டுமென்றால் வண்டி கிடைக்குமா. "வந்தா ஜாலியா இருக்கும்" என்பதில் அவருக்குப் பயன்படும் தகவல் எதுவும் இல்லை. வரவில்லை என்றால் அது வரவில்லைதான், இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்கள் என்று பொருள் இல்லை. வருகிறேன் என்றால் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார், நீங்கள் நேரத்துக்குப் போய்விடுங்கள்.

முறைப்பாக இருப்பவரையும் அவரையும் ஒரே அறையில் போடாதீர்கள்.